புரொபேஷன் அலுவலகத்தில் உளவியலாளர் வேலை: மனசு தாங்குமா என்று கேட்ட தங்கைக்கு

கேள்வி சுருக்கமாக இது. லண்டனில் தடயவியல் உளவியலில் முதுகலை முடித்த ஒரு தங்கைக்கு, புரொபேஷன் அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும் என்.எச்.எஸ் (பிரிட்டனின் அரசுச் சுகாதாரச் சேவை) குழு ஒன்றில் உதவி உளவியலாளர் வேலை கிடைத்திருக்கிறது. "அக்கா, கொலை, பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு நடந்த கொடுமை என்று நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தால் என் மனசு என்ன ஆகும்? நீங்களெல்லாம் எப்படித் தாங்குகிறீர்கள்? அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார்" என்று எழுதியிருக்கிறார்.

நான் கிளினிக்கல் உளவியலாளர். இதே மாதிரி ஒரு குழுவில் 11 வருடமாக இருக்கிறேன். நடுவில் ஒருமுறை நான்கு மாதம் விடுப்பு எடுக்கும் அளவுக்கு உடைந்துபோனேன், திரும்பியும் வந்தேன். அதனால் நேராகவே சொல்கிறேன்: சேருங்கள். ஆனால் நீங்கள் பயந்துகொண்டிருக்கும் இடம் வேறு, அடி விழும் இடம் வேறு. கோப்பில் இருக்கும் கொடூரம் உங்களைத் தொடும், அதை நான் மறைக்கப் போவதில்லை. என்னையும் என் சக ஊழியர்கள் பலரையும் உண்மையில் சாய்த்தது வேறொன்று. அடுத்தவர் சுமையை வாங்கிக்கொள்வதுதான் எங்கள் வேலை, அப்படி வாங்கியதை நாங்கள் இறக்கிவைக்க இடம் இல்லாமல் போனபோதுதான் சாய்ந்தோம்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களையும், சிறைக்குப் போகாமல் நீதிமன்றம் சமூகத்திலேயே தண்டனை கொடுத்தவர்களையும் கண்காணித்து வழிநடத்துவதுதான் புரொபேஷன். நம் ஊரில் நன்னடத்தை அலுவலர் என்பார்கள். இங்கிலாந்தில் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த அதிகாரியின் கடமை என்று எழுதியிருந்தவற்றில் எல்லோர் நினைவிலும் நின்றது மூன்று வார்த்தை: அறிவுரை சொல், உதவி செய், நட்பாக இரு. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 2,40,000 பேர் புரொபேஷன் கண்காணிப்பில் இருக்கிறார்கள். அந்த மூன்று வார்த்தைக்குப் பக்கத்தில் இன்று ஆபத்து மதிப்பீடு, வெளியே இருப்பதற்கான உரிம நிபந்தனை, மீறினால் திரும்பச் சிறை என்று எத்தனையோ வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரே ஆள் நண்பராகவும் இருக்க வேண்டும், திரும்பப் பிடித்து உள்ளே அனுப்புகிறவராகவும் இருக்க வேண்டும். இந்த முரண்பாடு அவர்களோடு நிற்பதில்லை, பக்கத்தில் உட்காரும் நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அந்த அலுவலகத்துக்குள் உளவியலாளர் எப்படி வந்தார்? 1990-களின் கடைசியில், ஆபத்தான, கடுமையான ஆளுமைக் கோளாறு உள்ளவர்கள் என்று சிலரைப் பிரித்து, உயர் பாதுகாப்புச் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் வைத்துச் சிகிச்சை தரும் திட்டம் ஒன்றை அரசு யோசித்து, அடுத்த சில வருடங்களில் தொடங்கியது. பெரும் செலவு, பயன்பெற்றதோ சில நூறு பேர். 2011-இல் அதை மாற்றி, சிறைத்துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தும் ஒரு பாதையாக விரித்தார்கள். அதில் என்.எச்.எஸ் உளவியலாளர்கள் புரொபேஷன் அலுவலகங்களுக்கே போய் உட்கார்ந்தார்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்த வேலையாகத்தான் இருக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம், நாங்கள் பெரும்பாலும் குற்றம் செய்தவரைப் பார்ப்பதே இல்லை. அவரைப் பார்ப்பது புரொபேஷன் அதிகாரி. அந்த அதிகாரியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இந்த ஆள் ஏன் இப்படி இருக்கிறார், சின்ன வயதில் என்ன நடந்தது, யாரை நம்பினார், யார் ஏமாற்றினார்கள், உங்களிடம் ஏன் இப்படிச் சீறுகிறார், அடுத்த சந்திப்பில் என்ன செய்தால் நிலைமை மோசமாகாது என்று சேர்ந்து ஒரு விளக்கம் கட்டுவோம். ஃபார்முலேஷன் என்று சொல்வது இதைத்தான். நேரடியாகச் சந்தித்துச் சிகிச்சை செய்யும் குழுக்களும் உண்டு, ஆனால் தினசரி வேலையில் பெரும்பங்கு இப்படி அதிகாரியின் வழியாகத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஓர் அதிகாரி வந்தார், இருபது வருட அனுபவம். கோப்பை மேசையில் வைத்தார், திறக்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "அவன் ரொம்ப ஒழுங்கா வரான், சொன்ன நேரத்துக்கு வரான், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். சரி, அப்படியானால் ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "போன வாரம் அவன் போன பிறகு அவன் உட்கார்ந்த நாற்காலியைத் துடைச்சேன். ஏன் துடைச்சேன்னு தெரியல" என்றார். அப்புறம் இருபது நிமிடம் அழுதார். அந்த ஆளின் குற்றம் ஒரு குழந்தை சம்பந்தப்பட்டது, அதிகாரிக்கு அதே வயதில் பேரன் இருந்தான். யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் அவர் அந்த அலுவலகத்தின் பெரியம்மா மாதிரி, எல்லோரும் அவரிடம் வந்துதான் அழுவார்கள்.

அந்த ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. அவர் லேசாகித் திரும்பினார், அடுத்த சந்திப்புக்கு என்ன செய்யலாம் என்று ஒரு வழியும் கிடைத்தது. ஆனால் நான் பார்த்தே இராத ஒரு மனிதன், பார்த்தே இராத ஒரு நாற்காலி, பார்த்தே இராத ஒரு குழந்தை, மூன்றும் என்னோடு வீட்டுக்கு வந்தன. நேரில் பார்த்தால் அந்த ஆளுக்கு ஒரு முகம் இருக்கும், தலைமுடி கலைந்திருக்கும், சளி பிடித்திருக்கும், மனிதனாகத் தெரிவான். பார்க்காதபோது மனம் தன் இஷ்டத்துக்கு வரைந்துகொள்கிறது, அது வரையும் படம் எப்போதும் பெரியதாகவே இருக்கும். இதைப் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் கண்டுகொண்டேன்.

1990-இல் மெக்கான், பேர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்கிறவரின் உலகப் பார்வையே மெல்ல மாறிவிடுகிறது, பாதுகாப்பு, நம்பிக்கை, நெருக்கம் என்று நாம் உள்ளுக்குள் வைத்திருக்கும் அடிப்படைக் கணக்குகள் கோணிவிடுகின்றன என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். வழிவந்த அதிர்ச்சி என்று தமிழில் சொல்லலாம். குற்றம் செய்தவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. எனக்கு அது எப்படி வந்தது தெரியுமா? கனவில் ரத்தமெல்லாம் வரவில்லை. மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உடை மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் துண்டோடு நின்றார். பேரப்பிள்ளைக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான். நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் சட்டை நிறம், உயரம், எந்தக் கதவு வழியாக வந்தார் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன். மகள் "அம்மா, வலிக்குது" என்றாள். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, கடந்த ஆறு மாதமாக எந்தப் பூங்காவிலும் நான் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நம்மவர்களுக்குள் இதைப் பேசமாட்டோம் என்பதால் கட்டாயம் சொல்ல வேண்டும். பாலியல் குற்றக் கோப்புகளோடு வேலை செய்தால் தாம்பத்தியத்தைக்கூட அது தொடும். கணவர் ஆசையாகத் தோளில் கை வைத்தால் உடம்பு சட்டென்று விறைத்துக்கொள்ளும். அதில் அவர் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. ஆனால் காரணம் சொல்லாவிட்டால் அவர் வேறு ஏதோ நினைத்துக்கொள்வார். வழக்கு விவரம் எதையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. "இன்னிக்கு படிச்சது ஒண்ணு என்னை விடமாட்டேங்குது, எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்" என்று சொல்லலாம். இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் நிறையச் சண்டையைத் தவிர்த்திருக்கிறது.

சரி, இவ்வளவும் நீங்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத பகுதிக்கு வருகிறேன்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, இந்த வேலைக்கு அது அப்படியே பொருந்தும். சம்பளம் ஒரு நிறுவனம், உட்காரும் இடம் இன்னொரு நிறுவனம். என் பையில் இரண்டு லேப்டாப் இருக்கும், ஒன்று சுகாதாரத் துறையுடையது, ஒன்று புரொபேஷனுடையது, இரண்டுக்கும் வேறு வேறு கடவுச்சொல், ஒன்றில் எழுதுவதை மற்றதில் பார்க்க முடியாது. சுகாதாரக் கூட்டத்துக்குப் போனால் "நீங்க நீதித்துறை ஆள்கள்" என்பார்கள், புரொபேஷன் கூட்டத்தில் "நீங்க டாக்டர் கூட்டம்" என்பார்கள். சில அலுவலகங்களில் உட்கார மேசைகூட நிச்சயம் இல்லை, காலையில் முதலில் போய் இடம் பிடிக்க வேண்டும். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். வருடக்கணக்காக விருந்தாளியாகவே இருந்து பாருங்கள், எங்கே நின்று மூச்சு விடுவது என்றே தெரியாமல் போகும்.

இதோடு அதிகாரமும் கிடையாது. இந்த ஆளைத் திரும்பச் சிறைக்கு அனுப்புவதா, நிபந்தனையைத் தளர்த்துவதா, வேறு விடுதிக்கு மாற்றுவதா, முடிவு எல்லாம் புரொபேஷன் கையில். நாங்கள் யோசனை சொல்வோம். சில சமயம், "இப்போது உள்ளே அனுப்பினால் அவர் யாரையுமே இனி நம்பமாட்டார்" என்று தெளிவாகத் தெரிந்தும், அதிகாரியின் மேலாளர் பயத்தில் அனுப்பிவிடுவார். வேறு சில சமயம், "கவனமாக இருங்கள், இது சரியாகப் படவில்லை" என்று சொல்லியும் வேலைப் பளுவில் யாரும் கவனிக்கமாட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமல் இருப்பது, ரத்தமும் சதையுமான எந்தக் கோப்பைவிடவும் அதிகமாக மனசை அரிக்கும்.

அப்புறம் வெறுப்பு. இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். உளவியலாளர் என்றால் எல்லோரிடமும் கருணை இருக்க வேண்டும் என்று நம்மை நாமே நம்பவைத்திருக்கிறோம். குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வாளரான வின்னிகாட் 1949-இலேயே எழுதிவிட்டார்: சில நோயாளிகளிடம் சிகிச்சை செய்பவருக்கு வெறுப்பு வரும், அது இயல்பு, அதைத் தனக்குள் ஒத்துக்கொள்ளாதவர்தான் கெடுதல் செய்வார். எனக்கு அது புரிய ஐந்து வருடம் ஆயிற்று. ஒரு கோப்பைப் படித்துவிட்டு "இவன் செத்தால் என்ன" என்று நினைத்தேன், அடுத்த நொடியே "சீ, நான் என்ன உளவியலாளர்" என்று வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை மூட அந்த ஆளைப் பற்றி அளவுக்கு மீறிக் கனிவாக ஓர் அறிக்கை எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு, "இதுல பாதிக்கப்பட்ட பொண்ணு எங்க?" என்று கேட்டார். கேட்டது நியாயம். நான் வெறுப்பை மறைக்கப் போய், அறிக்கையில் அந்தப் பெண்ணையே மறைத்துவிட்டேன்.

இதற்குத் தொடர்பாக இன்னொன்று. 1955-இல் ஹெரால்ட் சியர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவில் நடப்பது, சிகிச்சையாளருக்கும் அவரை மேற்பார்க்கும் மூத்தவருக்கும் நடுவிலும் அப்படியே நடக்கிறது. எங்கள் வேலையில் இது தினமும் நடக்கும். எல்லோரையும் மட்டம் தட்டும் ஓர் ஆள், அதிகாரியை மட்டம் தட்டுவார். அதிகாரி என்னிடம் வந்து, "உங்க ஃபார்முலேஷனால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்பார். நான் மாலையில் என் சூப்பர்வைசரிடம் போய், "நீங்க சொல்றது எல்லாம் புத்தகத்துக்குத்தான் சரி" என்று எரிந்து விழுவேன். ஒருமுறை அவர் அமைதியாகக் கேட்டார்: "இப்ப உன் குரல்ல யார் பேசறாங்க?" எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் சந்தித்தே இராத அந்த மனிதன் இரண்டு பேரைத் தாண்டி அந்த அறைக்குள் பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லையென்றால் அந்த எரிச்சலை வீட்டில் யார் மேலாவது கொட்டியிருப்பேன், என்னைப் பற்றியும் மோசமாக நினைத்திருப்பேன்.

பயம் என்ற தலைப்பில் இல்ஃபோர்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிழக்கு லண்டனில் நம்மவர்கள் நிறைய வாழும் இடம். 2022 ஜூன் மாதம் ஸாரா அலீனா என்ற 35 வயதுப் பெண் இரவில் வீட்டுக்கு நடந்து போகும்போது கொல்லப்பட்டார். கொன்றவன் சிறையிலிருந்து வெளியே வந்து 9 நாள்தான் ஆகியிருந்தது, புரொபேஷன் கண்காணிப்பில் இருந்தவன். அவனுடைய ஆபத்து நிலையை உயர்வு என்று மதிப்பிட்டிருக்க வேண்டும், நடுத்தரம் என்று வைத்தது தவறு என்று 2023 ஜனவரியில் வந்த புரொபேஷன் தலைமை ஆய்வாளரின் அறிக்கை சொன்னது. அந்தக் குடும்பத்தின் இழப்புக்கு முன்னால் எங்கள் கஷ்டம் ஒன்றுமே இல்லை, அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன். அந்த அறிக்கை வந்த வாரம் நான் போன அலுவலகத்தில் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பட்டியலைத் திறந்து, நடுத்தரம் என்று போட்ட ஒவ்வொரு பெயரையும் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பில் இருப்பவர் கொலை, பாலியல் வன்முறை போன்ற பெரிய குற்றத்தை மறுபடி செய்தால் முறையான மறுஆய்வு நடக்கும். நாம் அந்தக் கோப்பில் ஒரு பத்தி எழுதியிருந்தால் அந்தப் பத்தியையும் படிப்பார்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நினைப்பிலேயே எழுத ஆரம்பித்தால் நம் எழுத்து மனிதனை விளக்குவதை நிறுத்திவிட்டு நம்மைக் காப்பாற்ற ஆரம்பித்துவிடும். இந்த மாற்றம் கையில் வருவது நமக்கே தெரியாது, வேறொருவர் படித்துச் சொன்னால்தான் தெரியும்.

நிறத்தைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும், உங்கள் பேராசிரியர்கள் பேசியிருக்கமாட்டார்கள். 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பல ஊர்களில் கலவரம் நடந்தது, புகலிடம் தேடி வந்தவர்கள் தங்கியிருந்த விடுதிகளைத் தாக்கினார்கள். அதில் தண்டனை பெற்றவர்களும் பின்னால் புரொபேஷனுக்குத்தான் வருவார்கள். அப்படி ஒருவரைப் பற்றி, அவர் சின்ன வயதில் பட்ட அடியையும் பசியையும் இணைத்து, அவருடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு விளக்கம் கட்டும் வேலை பழுப்புத் தோல் உள்ள உங்களுக்கு வரலாம். செய்யலாம், நன்றாகவே செய்யலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லோரும் "பாவம், அவருடைய பின்னணி அப்படி" என்று தலையசைக்கும்போது, அதே வாரம் பேருந்தில் யாரோ உங்களைப் பார்த்து எதையோ சொன்னது தொண்டையில் நிற்கும். அப்போது உங்களிடம் "உனக்கு இது எப்படி இருக்கு?" என்று கேட்கும் ஒரு மூத்தவர் குழுவில் இருக்கிறாரா என்பதுதான் விஷயம். இல்லையென்றால் நீங்களே சொல்லுங்கள், "இந்த வழக்கை நான் எடுக்கவில்லை" என்று சொல்வதும் தொழில்முறை முடிவுதான். எனக்கு அதைச் சொல்ல எட்டு வருடம் ஆயிற்று.

எதெல்லாம் உதவவில்லை என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மன உறுதிப் பயிற்சி என்று வருடத்துக்கு ஒரு நாள், மதிய இடைவேளையில் யோகா, மூச்சுப் பயிற்சிச் செயலிக்கு இலவசச் சந்தா என்று மின்னஞ்சல் வரும். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் காலியாக இருக்கும் மூன்று பணியிடங்களை நிரப்பாமல் என்னை மூச்சு விடச் சொன்னால் கோபம்தான் வரும். பெரிய சம்பவம் நடந்த மறுநாளே எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததை ஒருமுறை விலாவாரியாகப் பேசவைத்து அனுப்பிவிடும் வழக்கமும் இருந்தது. அதிர்ச்சிக் கோளாறைத் தடுக்க அப்படிச் செய்ய வேண்டாம் என்று நைஸ் என்ற தேசிய வழிகாட்டு அமைப்பே தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுநாள் தேவைப்படுவது ஒரு டீ, வீட்டுக்குச் சீக்கிரம் போக அனுமதி, இரண்டு வாரம் கழித்தும் மறக்காமல் விசாரிக்கும் ஓர் ஆள்.

ஏனென்றால் இதில் பெரும்பகுதி அமைப்பின் நோய். 2014-இல் புரொபேஷனை இரண்டாகப் பிளந்தார்கள், அதிக ஆபத்துள்ளவர்கள் அரசிடம், மற்றவர்கள் 21 தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம். 2021 ஜூனில் திரும்ப ஒன்றாகச் சேர்த்தார்கள். நடுவில் அனுபவசாலிகள் பலர் போய்விட்டார்கள். 2024 செப்டம்பரில் சிறைகளில் இடம் இல்லாமல், சில வகைக் கைதிகளை தண்டனைக் காலத்தில் 40 விழுக்காடு முடிந்ததுமே வெளியே விட ஆரம்பித்தபோது, முதல் நாளில் மட்டும் சுமார் 1,700 பேர் வந்தார்கள். அவர்களை வரவேற்ற மேசையில் உட்கார்ந்திருந்தது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் படபடப்பு எங்கள் அறைக்குத்தான் வந்தது. 1950-களின் கடைசியில் இசபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ்களை ஆராய்ந்து, பதற்றம் தாங்க முடியாதபோது நிறுவனமே சடங்குகளையும் படிவங்களையும் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்கிறது, நோயாளியின் பெயரைச் சொல்லாமல் படுக்கை எண்ணைச் சொல்ல ஆரம்பிக்கிறது என்று காட்டினார். புரொபேஷன் அலுவலகத்தில் அதே மாதிரி ஒருவரைப் பெயர் சொல்லாமல் "என்னோட ஹை ரிஸ்க்" என்று சொல்வதைக் கேட்பீர்கள். கேட்டால் அவர்களைக் குறை நினைக்காதீர்கள். களைத்திருக்கிறார்கள்.

சரி, எது உதவியது? எனக்கு ஒரே ஒரு சொல்தான் தோன்றுகிறது, சுமைதாங்கி. எங்கள் ஊர்ப் பக்கம் ரோட்டோரத்தில் இன்னும் சில நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கவைத்து, தோளுயரத்தில் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் அதில் இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, தானே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். குனிந்து தரையில் வைத்தால் திரும்பத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும், அதனால்தான் அந்த உயரம். நல்ல சூப்பர்விஷன் எனக்கு அப்படித்தான். சுமையை வேறு யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். சரியான உயரத்தில், வழக்கமான இடத்தில், நம்பி இறக்கிவைக்க ஓர் இடம்.

வழக்கமான இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் உடைந்துபோன வருடத்தில் என் சூப்பர்விஷன் காகிதத்தில் இருந்தது. நிஜத்தில் மாதத்தில் பாதி ரத்தாகும், நடந்தாலும் எத்தனை வழக்கு முடித்தாய், எத்தனை அறிக்கை பாக்கி என்பதோடு முடிந்துவிடும். அதை நடத்தியவர் கெட்டவர் இல்லை, அவர் மேலேயும் நெருக்கடி. விடுப்பிலிருந்து திரும்பிய பிறகு நான் கேட்டு வாங்கியது இரண்டு. ஒன்று, எண்ணிக்கைக்கு வேறு கூட்டம், மனசுக்கு வேறு கூட்டம், இரண்டையும் ஒருவரே நடத்தக் கூடாது. இரண்டு, மாதம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து பேசுவது, அதை நடத்த வெளியாள். அந்தக் குழுவில் நாங்கள் வழக்குக்குத் தீர்வு தேடுவதில்லை, இந்த வழக்கு என்னை என்ன செய்கிறது என்று மட்டும் பேசுவோம். முதல் மூன்று மாதம் பாதி நேரம் மௌனம்தான். நான்காவது மாதம் எங்களில் மூத்தவர் ஒருவர், "எனக்கு இப்பல்லாம் யார் மேலயும் இரக்கம் வரமாட்டேங்குது" என்றார். அந்த அறையில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நீங்களாகச் செய்துகொள்ளக் கூடியவையும் சில உண்டு. கோப்பில் குற்ற விவரத்தைத் தேவைக்கு மேல் படிக்காதீர்கள். புதிதில் எல்லாவற்றையும் படித்தால்தான் பொறுப்பு என்று தோன்றும், சாட்சி வாக்குமூலம் ஒன்றுவிடாமல் படிப்போம். ஃபார்முலேஷனுக்கு எது தேவையோ அதுவரை போதும், அதற்கு மேல் படிப்பதால் யாருக்கும் பயனில்லை. மாலை நாலு மணிக்கு மேல் புதுக் கோப்பைத் திறக்காதீர்கள், அந்த நேரத்தில் திறந்தது உங்களோடு ரயில் ஏறும். முடிந்தால் எப்போதாவது அந்த மனிதரை நேரில் பார்க்கக் கேளுங்கள், அதிகாரியோடு சேர்ந்து ஒரு சந்திப்பில் உட்காரலாம், மனசு வரைந்து வைத்த பூதம் நேரில் ஓர் ஆளாகச் சுருங்கும். குற்றவியலுக்குத் தொடர்பே இல்லாத வேலை வாரத்தில் ஒரு நாளாவது இருந்தால் ரொம்ப நல்லது, நான் இப்போது ஒரு நாள் பிரசவத்துக்குப் பிந்தைய மனநலப் பிரிவில் இருக்கிறேன். உடம்பைக் கவனியுங்கள், என் விஷயத்தில் தூக்கத்துக்கு முன்னாலேயே தாடை சொல்லிவிட்டது, காலையில் எழுந்தால் பல்லைக் கடித்த வலி இருக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் சேரச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். கொலம்பியாவில் அரசியல் வன்முறைக்கும் ஆள்கடத்தலுக்கும் ஆளானவர்களோடு வேலை செய்த சிகிச்சையாளர்களை ஆராய்ந்தவர்கள் 2007-இல் எழுதினார்கள்: துன்பம் தொற்றுவது போலவே, அதிலிருந்து மீளும் வலுவும் தொற்றுகிறது என்று. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாற்காலியைத் துடைத்த அந்த அதிகாரி ஆறு மாதம் கழித்து வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் முதல் முறையாக, தான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னானாம், சொல்லிவிட்டு நடுங்கினானாம். அவர் எழுந்து போகவில்லை, கூட உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு உங்ககிட்ட அழலேன்னா, நான் அந்த அறையில உட்கார்ந்திருக்க மாட்டேன்" என்றார். அந்த ஆள் தான் செய்ததைப் பார்க்கத் தொடங்கினால், எங்கோ ஒரு குழந்தைக்கு வரவிருக்கும் ஆபத்து கொஞ்சமாவது குறையும் என்று நான் நம்புகிறேன். அந்தக் குழந்தைக்கு எங்களைத் தெரியவே தெரியாது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் என் அம்மாவிடம், "குற்றவாளிகளோட வேலை இல்லம்மா, அவங்களைப் பார்த்துக்கிறவங்களைப் பார்த்துக்கிற வேலை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உன்னை யார் பார்த்துக்கிறா?" என்று கேட்டார். உங்களுக்குச் சேரும் முன்பே அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் குழுவின் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சூப்பர்விஷன் எந்தக் கிழமை, யாரோடு, அவர்தான் உங்கள் வேலையையும் மதிப்பிடுவாரா, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை ரத்தாகியிருக்கிறது, பெரிய சம்பவம் நடந்தால் உதவி உளவியலாளரோடு முதலில் யார் பேசுவார்கள், இவ்வளவையும் கேளுங்கள். இப்போது அந்தப் பணியில் இருப்பவரோடோ, முன்பு இருந்தவரோடோ பத்து நிமிடம் போனில் பேச முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல குழு என்றால் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்பட்டுப் பதில் எழுதுவார்கள். பதில் மழுப்பலாக வந்தால் இன்னொரு குழு பாருங்கள், நாடு முழுக்க இருக்கின்றன. வந்த பதிலை இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.